கம்ப்யூட்டரில் படம் போடும் மென்பொருள்: பழகுவதற்கு எது, பிழைப்புக்கு எது?



கோலியனூர் ஒன்றியக் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது சமீப காலமாக இரண்டு மாதிரியான கடன் விண்ணப்பங்களைப் பார்க்கிறோம். "பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா மேடம். விழுப்புரத்துல கேட் கோர்ஸ் சேரணுங்குறா. 18 ஆயிரம் கட்டணுமாம்" என்பது ஒன்று. தையல் வேலை செய்யும் உறுப்பினர்கள் சேர்ந்து வந்து, "கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் எடுக்கலாம்னு இருக்கோம். சாப்ட்வேருக்குத் தனியா காசு கேக்குறாங்க" என்பது இன்னொன்று. இரண்டிலும் கடைசியில் யாராவது ஒரு அக்கா கேட்டுவிடுகிறார்: "இதெல்லாம் நெட்ல இலவசமாவே கிடைக்குதுன்னு எம் பையன் சொல்றான். அப்புறம் எதுக்குக் காசு?"

கேள்வி நியாயமானது. பையன் சொன்னதும் உண்மைதான். ஆனால் இந்த 'இலவசம்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு சரக்கு இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் கடன் கொடுத்தால் நஷ்டம் குழுவுக்குத்தான். இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

கேட் என்றால் என்ன?

வீட்டு வாசல் கேட் இல்லைங்க! காகிதத்தில் ஸ்கேலும் பென்சிலும் வைத்துப் போடும் அளவுப் படத்தைக் கம்ப்யூட்டரில் போடுவதற்குத்தான் கேட் என்று பெயர். வீட்டு பிளான், இரும்புக் கதவு, மர பீரோ, மெஷினின் உதிரி பாகம் எல்லாம் இப்படித்தான் வரையப்படுகின்றன.

தையல் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 36 அளவு ஜாக்கெட்டுக்குக் காகிதத்தில் பேட்டர்ன் வெட்டி வைத்திருக்கிறோம். 38 அளவுக்கு ஒருவர் வந்தால் என்ன செய்கிறோம்? மார்புச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கு எவ்வளவு, கைக்குழி எவ்வளவு இறங்கணும், தையலுக்கு எவ்வளவு விடணும் என்று மறுபடி கணக்குப் போட்டு மறுபடி வெட்டுகிறோம். அந்தக் கணக்கை ஒரு தடவை கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால், 36 என்பதை அழித்து 38 என்று போட்டதும் படம் தானாக மாறிவிடும். கைக்குழியும் கூடவே நகரும். சீம்லி, வாலன்டினா என்ற பெயர்களில் துணி வெட்டுவதற்கென்றே இப்படிப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. பெரிய கம்பெனிகளில் மெஷின் பாகம் வரையும் மென்பொருளும் இதே தத்துவம்தான். அங்கே மார்புச் சுற்றளவுக்குப் பதில் துளையின் விட்டம், அவ்வளவுதான் வித்தியாசம்.

காசு கொடுத்து வாங்குவது

கேட் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் ஆட்டோகேட். அமெரிக்காவின் ஆட்டோடெஸ்க் கம்பெனி இதை 1982-ல் வெளியிட்டது. முன்பெல்லாம் ஒரு தடவை காசு கட்டினால் அந்தப் பதிப்பு நமக்கே சொந்தம். 2016 முதல் அந்த முறையில் புதிதாக விற்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது சந்தாதான். கட்டுகிற வரை ஓடும், கட்டாவிட்டால் நின்றுவிடும். சந்தாவும் சின்னத் தொகை இல்லை. நம் குழுவில் தையல் மெஷினுக்குக் கொடுக்கும் கடனைவிட அதிகம்.

அப்படியிருந்தும் பொறியாளர் அலுவலகங்கள் ஏன் இதையே வைத்திருக்கின்றன? படத்தைச் சேமிக்கும் வடிவம்தான் முக்கியக் காரணம். ஆட்டோகேட் படம் டி.டபிள்யூ.ஜி. என்ற கோப்பாக இருக்கும். கட்டடப் பொறியாளர், கம்பி கட்டும் கணக்குப் போடுகிறவர், மின்சார வேலை பார்க்கிறவர் என்று பத்துப் பேர் கையில் அந்தக் கோப்பு போய் வரவேண்டும். ஒருவர் மட்டும் வேறு மென்பொருளில் போட்டால் கோடு நகரும், எழுத்து சிதறும். சந்தையில் எல்லோரும் ஒரே படியால் அளப்பது போலத்தான். தரத்தில் இதுதான் உயர்ந்தது என்பதால் மட்டுமல்ல, எல்லோரிடமும் இருக்கிறது என்பதாலும் வாங்குகிறார்கள்.

பழக மட்டும் இலவசம்

இது முதல் வகை 'இலவசம்'. இதே ஆட்டோடெஸ்க் கம்பெனியின் ஃபியூஷன் என்ற மென்பொருள் வீட்டில் ஆசைக்குப் பழகுகிறவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் 2020-ல் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். ஒரே நேரத்தில் 10 கோப்புகளை மட்டும்தான் திருத்த முடியும். தொழிலுக்குப் பயன்படுத்தவும் கூடாது. வீட்டின் உருவத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டும் ஸ்கெட்ச்அப் மென்பொருளின் இலவசப் பதிப்பும் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. அங்கீகாரம் பெற்ற பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி போன்றவற்றில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆட்டோகேட் கூட ஒரு வருடத்துக்கு இலவசம், படிக்கிற வரை புதுப்பித்துக்கொள்ளலாம். அதிலும் படிப்புக்கு மட்டும்தான் அனுமதி. கூலி வாங்கி பிளான் போடக்கூடாது.

இந்த வகையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பிரான்ஸ் நாட்டு தசால்ட் கம்பெனியின் டிராஃப்ட்சைட் என்ற மென்பொருள் பல ஆண்டுகள் இலவசமாக இருந்தது. ஆட்டோகேட் மாதிரியே வேலை செய்யும். அதனால் சின்னச் சின்ன அலுவலகங்கள் பல நாடுகளில் அதை நம்பின. பிறகு கம்பெனி கொள்கையை மாற்றியது. இலவசப் பதிப்புகள் 2019 டிசம்பர் 31-க்குப் பிறகு இயங்காது என்று அறிவித்து, அப்படியே நிறுத்தியும் விட்டார்கள். வரைந்து வைத்த படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, திறக்கும் சாவி மட்டும் கையில் இல்லை. ஊரான் வீட்டு மாட்டைக் கறந்து பால் வியாபாரம் தொடங்கினால் இதுதான் கதி.

கட்டற்ற மென்பொருள்

இரண்டாவது வகை இது. லிப்ரேகேட், ஃப்ரீகேட், இங்க்ஸ்கேப், ஸ்வீட் ஹோம் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவற்றை வீட்டிலும் வைக்கலாம், தொழிலிலும் வைக்கலாம். பத்துப் பேருக்குப் பிரதி எடுத்தும் கொடுக்கலாம். உரிமத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. கொடுத்துவிட்ட பதிப்பை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது. சம்பாதிக்கிற குழுவுக்கு இந்த வேறுபாடுதான் பெரியது. விலை பூஜ்யம் என்பது அதற்கு அடுத்துத்தான்.

குறை இல்லையா? இருக்கிறது. லிப்ரேகேட் தட்டையான பிளான் மட்டும்தான் போடும், உருவமாகக் காட்டாது. டி.டபிள்யூ.ஜி. கோப்பில் அது தடுமாறும். டி.எக்ஸ்.எஃப். என்ற பொது வடிவத்தில்தான் நன்றாக வேலை செய்யும். ஃப்ரீகேட் உருவம் வரையும். 2002-ல் தொடங்கிய அந்த வேலை, 1.0 என்ற முதல் முழுப் பதிப்பாக வெளிவர 2024 நவம்பர் வரை ஆனது. அதைக் கற்றுக்கொள்ளவும் பொறுமை வேண்டும். எங்காவது மாட்டிக்கொண்டால் போன் போட்டுக் கேட்க டீலர் கிடையாது. இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். வேலைக்கு ஆள் கேட்கும் அலுவலகத்தில் "லிப்ரேகேட் தெரியும்" என்றால் யோசிப்பார்கள், "ஆட்டோகேட் தெரியும்" என்றால் உட்காரச் சொல்வார்கள்.

மூன்றாவது 'இலவசம்'

பூட்டை உடைத்த சாப்ட்வேர். பென் டிரைவில் வரும். "எல்லாரும் இதைத்தாங்க வெச்சிருக்காங்க" என்ற பேச்சும் கூடவே வரும். ஒரு பயிற்சி நிலையத்தில் நம் பிள்ளைகள் படித்த அத்தனை கம்ப்யூட்டரிலும் இப்படி உடைத்த பதிப்புதான் இருந்தது. கட்டணம் மட்டும் முழுசாக வாங்கியிருந்தார்கள்.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 63-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு 50 ஆயிரத்துக்குள் அபராதம் மட்டும் போடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கவனியுங்கள், பழகுகிறவரையும் பிழைக்கிறவரையும் சட்டமே தனித்தனியாகப் பார்க்கிறது. ரசீது போட்டு ஆர்டர் எடுக்கும் குழு, "சும்மா கத்துக்கத்தான் வெச்சிருந்தோம்" என்று சொல்ல முடியாது.

எம்பிராய்டரி யூனிட்டுக்கு

எம்பிராய்டரி மெஷினுக்குப் படம் புரியாது. எந்த இடத்தில் ஊசி இறங்கணும், எந்தப் பக்கம் சாயணும், எவ்வளவு நெருக்கமாக விழணும் என்று ஒவ்வொரு தையலாகச் சொல்லவேண்டும். படத்தைத் தையலாக மாற்றும் இந்த வேலைக்கு டிஜிட்டைசிங் என்று பெயர். தொழில்முறையில் செய்கிறவர்கள் ஆஸ்திரேலியாவின் வில்காம் மென்பொருளை வைத்திருக்கிறார்கள், விலை அதிகம். கட்டற்ற வகையில் இங்க்ஸ்டிச் இருக்கிறது. இங்க்ஸ்கேப்போடு சேர்ந்து வேலை செய்யும். டி.எஸ்.டி., பி.இ.எஸ்., ஜெ.இ.எஃப். என்று மெஷின்கள் படிக்கும் வடிவங்களில் எழுதிக் கொடுக்கும்.

எது நல்லது? கல்யாண ஜாக்கெட்டுக்குக் கழுத்திலும் கையிலும் மாங்காய், மயில், கொடி போடும் வேலைக்கு இங்க்ஸ்டிச் போதும் என்பது எங்கள் கருத்து. தைக்கும்போது நூல் துணியை இழுக்கும், அதனால் படத்தில் வட்டமாக இருந்தது துணியில் முட்டை வடிவமாக விழும். அதைச் சரிக்கட்டும் வசதியும், அடித்தையல் போடும் வசதியும் அதில் இருக்கின்றன. எந்தத் துணி எவ்வளவு இழுக்கும் என்பதை எந்தச் சாப்ட்வேரும் சொல்லாது. பட்டில் ஒரு மாதிரி, காட்டனில் ஒரு மாதிரி. அது தைத்துப் பழகிய உங்கள் கைக்குத்தான் தெரியும்.

பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் எடுப்பதாக இருந்தால் கணக்கு வேறு. அவர்கள் வில்காமின் சொந்த வடிவமான ஈ.எம்.பி. கோப்பைக் கேட்கலாம். டி.எஸ்.டி. என்பது தைத்து முடித்த ஜாக்கெட் மாதிரி. அதைப் பிரித்து வேறு அளவாக்குவது பாடு, அதில் நூல் நிறம் கூடப் பதிவாகாது. ஈ.எம்.பி. என்பது பேட்டர்ன் காகிதம் மாதிரி. எந்த அளவுக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் ஆர்டர் கொடுப்பவர் எந்தக் கோப்பு கேட்கிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் மென்பொருளுக்குக் காசைப் பற்றிப் பேசுங்கள்.

பிள்ளையைப் படிக்க வைக்க

18 ஆயிரத்தை எடுத்ததும் கட்டவேண்டாம். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த மடிக்கணினி பல வீடுகளில் பீரோவுக்கு மேலே இருக்கிறது. இப்போதைய ஆட்டோகேட் அதில் ஓடாது, அதற்கு 8 ஜி.பி. நினைவகமாவது வேண்டும். பேட்டரி போயிருந்தாலும் கரண்டில் போட்டு லிப்ரேகேட் ஓட்டலாம். பிள்ளை இரண்டு மாதம் அதில் உட்காரட்டும். நம் சொந்த வீட்டையே டேப் வைத்து அளந்து, 9 அங்குலச் சுவர் எது, 4½ அங்குலச் சுவர் எது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று வரையட்டும். கோடு, அடுக்கு, அளவு குறிப்பது எல்லாம் ஆட்டோகேட்டிலும் பெரும்பாலும் இதே முறைதான், கற்றது வீணாகாது. இரண்டு மாதமும் தானாக உட்கார்ந்தாள் என்றால் ஆட்டோகேட் கோர்ஸுக்குக் கடன் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். நான்காம் நாளே மூடி வைத்துவிட்டாள் என்றால் 18 ஆயிரம் தப்பியது.

ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழிலும் வீடியோ பாடங்கள் இருக்கின்றன, காசில்லை. விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வலர் அமைப்பு கிராமப்புறப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத் தந்து வருகிறது. கேட் பாடமே நடத்துவார்கள் என்று போகவேண்டாம். மடிக்கணினியில் எதை, எப்படிப் போடுவது என்று வழி கேட்கப் போகலாம்.

இன்னொன்று, கேட் படித்ததால் பொறியாளர் ஆகிவிட முடியாது. முறையாக வரைவாளர் ஆக வேண்டுமென்றால் ஐ.டி.ஐ.-யில் டிராஃப்ட்ஸ்மேன் என்ற இரண்டு ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. சிவில், மெக்கானிக்கல் இரண்டு பிரிவும் உண்டு. மூன்று மாத கோர்ஸோடு ஒப்பிட்டால் எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

கடன் தீர்மானம் எழுதும் முன்

கோர்ஸ் கடன் என்றால், பயிற்சி நிலையத்தின் கம்ப்யூட்டரில் இருப்பது உரிமம் உள்ள பதிப்பா என்று தாயும் மகளும் நேரில் போய்க் கேட்டு வந்து கூட்டத்தில் சொல்லவேண்டும். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், ஒரு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டரா என்பதையும் கேளுங்கள். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட முடியுமானால் குழுவும் கடனை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

மெஷின் கடன் என்றால், டீலர் தரும் கொட்டேஷனில் மெஷின் ஒரு வரி, மென்பொருள் ஒரு வரி என்று தனித்தனியாக விலை இருக்கவேண்டும். "சாப்ட்வேர் ஃப்ரீயாப் போட்டுத் தர்றோம்" என்று வாயால் சொன்னால், அது இந்த மூன்று இலவசத்தில் எது என்று கேளுங்கள். காசு கொடுத்து வாங்கும் உரிமம் குழுவின் பெயரில் இருக்கட்டும். பில்லையும் உரிமத் தாளையும் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.