மறைந்த தந்தையை நினைவுகூரும் முறை

தந்தையை இழந்தவர்கள் நாடிச் செல்லும் ஊர் இராமேசுவரம். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் அக்கினி தீர்த்தக் கரையில் நீர்க்கடன் செலுத்துவோர் கூட்டம் சொல்லி மாளாது. சமண இல்லறத்தார்க்கு அவ்வழக்கம் இல்லை. உடலை நீத்த உயிர் தன் வினைக்கேற்ற மறுபிறவியை எய்திவிடுகிறது. நாம் இறைக்கும் எள்ளும் நீரும் அதனைச் சென்றடைவதில்லை என்பது நம் கொள்கை. மறைந்தவர் பெயரால் அன்னதானமும் நூல்தானமும் செய்கிறோம். நன்று. ஆயினும், அவரை நினைவுகூரும் கடமை அத்துடன் நிறைவுறுகிறதா?

இவ்வினாவிற்கு விடை தேடுங்கால், அதே இராமேசுவரத்தில், நீர்க்கடன் வழக்கமில்லாத இசுலாமியக் குடும்பம் ஒன்று நம் நினைவிற்கு வருகிறது. மசூதித் தெருவில் வாழ்ந்த அக்குடும்பத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். அவருடைய தமக்கை ஜோகராவின் கணவர் அகமது ஜலாலுதீன். ஒப்பந்தத் தொழில் செய்தவர். கலாமைவிடப் பதினைந்து ஆண்டுகள் மூத்தவர். குடும்பச் சூழலால் அதிகம் பயில இயலாதவர். அக்காலத்தில் அத்தீவு முழுவதிலும் ஆங்கிலத்தில் எழுத வல்லவர் அவர் ஒருவரே. விண்ணப்பமோ கடிதமோ, வேண்டி வந்தவர்க்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். மாலைதோறும் சிறுவன் கலாமை உடன் அழைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடப்பார். 'ஆசாத்' என்றே அழைப்பார். புதிய நூல்களையும் அறிவியல் கண்டுபிடிப்புகளையும் பற்றி உரையாடுவார். வழியில் சிவாலயத்தையும் ஒரு முறை வலம் வருவார்களாம்! இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் கலாமைச் சேர்க்க உடன் சென்றவரும் அவரே. சென்னையில் பொறியியல் பயிலப் பணம் வேண்டியபோது தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தவர் ஜோகரா. பிற்காலத்தில் கலாம் அமெரிக்காவிற்குப் புறப்பட்ட வேளையில், வழியனுப்புவதற்காகப் பம்பாய் வரை சென்றார் ஜலாலுதீன்.

கலாம் திருவனந்தபுரத்தில் ஏவூர்திப் பணியில் மூழ்கியிருந்த காலத்தில், எதிர்பாராமல் அவருடைய மரணச் செய்தி வந்தது. இரவு முழுவதும் பேருந்து மாறி மாறிப் பயணம் செய்து, மறுநாளே கலாம் ஊர் சேர்ந்தார். இல்லத்தில் தமக்கையும் அவர்தம் மகளும் அழுதவண்ணம் இருந்தனர். அவருக்கோ கண்ணீரும் வரவில்லை. முதுமை எய்திய தந்தையார், தம்மிலும் மிக இளையவரான மருமகனின் பிரிவால் நிலைகுலைந்தார். 1976இல், தமது 102ஆம் வயதில், அவரும் மறைந்தார்.

1999இல் வெளிவந்த 'அக்னிச் சிறகுகள்' நூலில் இவையாவும் உள்ளன. அந்நூலில் ஜலாலுதீனின் மரணத்திற்கு ஒதுக்கப்பட்ட இடம் மிகச் சிறிது. அவர் நடந்ததும், பேசியதும், பிறர்க்கு எழுதிக் கொடுத்ததுமே விரிவாகக் கூறப்படுகின்றன.

எதிர்பாராத மரணம் நேர்ந்த இல்லங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. எம் இல்லமும் அவ்வாறு ஒரே இரவில் தலைவரை இழந்ததுதான். துக்கம் விசாரிக்க வந்தோர் அனைவரும், "எத்தனை மணிக்கு? எப்படி நேர்ந்தது?" என்றே வினவினர். அக்கதையை நூறு முறை சொன்னோம். சொல்லச் சொல்ல அந்த ஒரு மணி நேரம் வளர்ந்தது. அவர் வாழ்ந்த எழுபது ஆண்டுகள் சுருங்கின. பேரப்பிள்ளைகளுக்குக்கூடத் தாத்தா எவ்வாறு இறந்தார் என்பது தெரியும்; எவ்வாறு இருந்தார் என்பது தெரியாது.

நினைவு அறிவிப்புகளும் துணை செய்வதில்லை. 'அன்பின் சிகரம்', 'பண்பின் உறைவிடம்' என்னும் தொடர்களை எவருடைய படத்தின் கீழும் அச்சிடலாம். ஆசிரியப் பயிற்சி பெற வந்தவர்களிடம் நாம் வலியுறுத்தியது ஒன்றுண்டு: ஒரு மாணவனைப் பற்றி எழுதும்போது 'நல்ல பையன்' என்று எழுதாதீர், அவன் செய்ததாக நீங்கள் கண்ட ஒன்றை எழுதுங்கள். தந்தைக்கும் அதுவே பொருந்தும். எவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நெல் விலை பேசினார்? எந்தக் கணக்கை நோட்டில் எழுதாமல் மனத்திலேயே வைத்திருந்தார்? பொழுது சாயுமுன் உண்ண வேண்டுமென வயலிலிருந்து எவ்வளவு விரைந்து வருவார்? இத்தகையவை எழுதப்படல் வேண்டும்.

கலாமின் நூலிலும் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. ஜோகராவின் கண்ணீரை அதில் காண்கிறோம். கணவரைப் பற்றி அவ்வம்மையார் என்ன நினைவு வைத்திருந்தார் என்பதை நாம் அறியோம். மைத்துனர் கண்ட ஜலாலுதீனே நமக்குக் கிடைத்தவர். நம் இல்லங்களிலும் பெரும்பாலும் மகன்தான் பேசுகிறான். தாய் உள்ளறையில் அமர்ந்திருக்கிறார். அவரை எவரும் கேட்பதில்லை. கேட்டால் மனம் நோகுமே என்றஞ்சி விலகுகின்றனர். நம் அனுபவத்தில் அவ்வச்சம் தேவையற்றது. கேளாமையே அதிகம் நோகச் செய்கிறது.

முதலாண்டு முடியுமுன் ஒரு குறிப்பேட்டுடன் தாயின் அருகில் அமருங்கள். இறுதி நாளைப் பற்றிக் கேளாதீர்கள். திருமணமான புதிதில் அவர் தாயிடம் முதன்முதலில் சொன்ன சொல் யாது, எந்தக் குழம்பை விரும்பினார், எதற்குச் சினந்தார், எதற்கு நாணினார் என்று கேளுங்கள். சினத்தையும் விடாது எழுதுங்கள். தாய் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டா. எழுதியதை நினைவுநாளன்று, தானம் முடிந்தபின், பேரப்பிள்ளைகளுள் ஒருவர் உரக்கப் படிக்கட்டும்.