சேமக்கலம் காட்டும் எண்கள்

பொருநை எனப்படும் தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயால் வளம்பெறும் ஊர்களுள் பத்தமடையும் ஒன்று. அவ்வூர்க் கோரைப்பாய் நாடெங்கும் புகழ்பெற்றது. கோரையை மெல்லிய இழைகளாகக் கீறி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி நெய்வர். மணமக்கள் பெயர் பொறித்த பாய்களும் உண்டு. இந்நுண்தொழிலுக்கு நல்ல ஒளி வேண்டும். மாலையில் மின்சாரம் தடைப்படின், கைவேலை நில்லாதிருக்க உதவுவது சேமக்கல விளக்காகும். மீண்டும் மீண்டும் மின்னேற்றத் தக்க மின்கலமே சேமக்கலம். மக்கள் அதனைப் பாட்டரி என வழங்குவர்.

இத்தகைய கலத்தை முதன்முதல் 1859-ஆம் ஆண்டில் அமைத்தவர் பிளாண்டே என்னும் பிரெஞ்சு அறிஞர். நம் நாட்டில் இத்துறையை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் நல்க, 1948-இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1953-இல் அது திறக்கப்பெற்றது.

சிறு விளக்குகளில் பயன்படும் நிக்கல் கலம் ஒன்றின்மீது ‘1.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி’ எனப் பொறித்திருக்கும். இவ்விரண்டு எண்களும் வெவ்வேறு செய்திகளைக் கூறுவன. குளத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். மதகின் முன் நிற்கும் நீரின் உயரம் போன்றது வோல்ட். குளம் கொள்ளும் நீரின் அளவு போன்றது ஆம்பியர்-மணி. சிறு குட்டையிலும் பெருங்குளத்திலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கலாம். ஆயினும் அவை பாய்ச்சும் வயல்கள் ஒன்றாகா.

2000 மில்லி ஆம்பியர்-மணி என்பதன் பொருள், 200 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஏறக்குறைய 10 மணி நேரம் தரவல்லது என்பதாம். கலங்கள் மூன்றைத் தொடராக இணைப்பின் அழுத்தம் 3.6 வோல்ட் ஆகும். கொள்ளளவோ 2000 ஆகவே நிற்கும்.

அழுத்தத்தை அளக்க, அளவியை நேர்மின் வோல்ட் நிலையில் வைத்து, சிவப்பு முனையை நேர்முனையிலும் கறுப்பு முனையை எதிர்முனையிலும் சேர்த்தல் வேண்டும். நிக்கல் கலம் மின்னேற்றியவுடன் ஏறத்தாழ 1.4 வோல்ட் காட்டும். பின்பு நெடுநேரம் 1.2 வோல்ட்டை ஒட்டியே நின்று, இறுதியில் விரைந்து தாழும். ஆகவே, 1.2 எனக் கண்டு கலம் நலிந்தது எனக் கொள்ளுதலும் தவறு. இன்னும் பாதி எஞ்சியுள்ளது எனத் துணிதலும் தவறு. ஒரு வோல்ட் அளவிற்குத் தாழ்ந்ததும் விளக்கை நிறுத்தி மின்னேற்றுதல் நன்று.

வண்டல் படிந்த குளம் கரைவரை நிரம்பித் தோன்றினும், மதகைத் திறந்த சில நாளில் வற்றிவிடும். முதுமையடைந்த கலமும் அத்தகையதே. வாளா இருக்கையில் அளவி முழு அழுத்தத்தைக் காட்டும். விளக்கை ஏற்றியதும் முள் சரியும். எனவே, விளக்கு எரியும்பொழுதும் அளந்து பார்த்தல் இன்றியமையாதது. கொள்ளளவை அறிய, முழுதும் மின்னேற்றி, விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது எனக் குறிக்க வேண்டும். 200 மில்லி ஆம்பியர் கொள்ளும் விளக்கு 5 மணி நேரமே எரியின், கலத்தில் எஞ்சிய கொள்ளளவு 1000 மட்டுமே. பொறித்த எண்ணில் அது பாதியாகும்.

இவ்வாறு சோதித்து அறிந்த நெசவாளர், அந்திப்பொழுதில் எத்தனை மணி நேர வேலையை நம்பித் தொடங்கலாம் என்பதைத் திட்டமாக உணர்வர். பாதி நெய்த பாயின்முன் இருளில் அமர்ந்திருக்கும் நிலை அவர்க்கு நேராது.