தாத்தாவின் சரித்திரம் எழுதப் புகுந்த பேத்திக்கு



உன் தாத்தாவின் வருஷாப்திகத்தன்று பந்துக்களுக்குக் கொடுப்பதற்காக அவருடைய ஜீவிய சரித்திரத்தைச் சிறு புத்தகமாக அச்சிட உத்தேசித்திருப்பதையும், அதை எழுதும் பொறுப்பை வீட்டுப் பெரியவர்கள் உன்னிடம் ஒப்படைத்திருப்பதையும் உன் கடிதத்தால் அறிந்து மிகுந்த சந்தோஷமடைந்தேன். அத்துடன் அனுப்பியிருந்த முதல் இரண்டு பக்கங்களையும் படித்தேன். அன்பான கணவர், பாசமிக்க தந்தை, கறைபடாத அதிகாரி, பேரக்குழந்தைகளின் தோழர் என்று நீ எழுதியிருப்பவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆயினும், பெயரை மட்டும் மாற்றிவிட்டால், எங்கள் மராமத்து இலாகாவில் பென்ஷன் வாங்கிக் காலமான எவருடைய கருமாதிப் பத்திரிகையிலும் அப்படியே சேர்த்துவிடக்கூடியவையாக அவ்விரண்டு பக்கங்களும் இருக்கின்றன. அவரோடு முப்பது வருஷத்துக்கு மேல் பழகிய எனக்கு அவற்றில் அவர் அகப்படவில்லை.

குடும்பத்தார் எழுதும் சரித்திரங்களில் பொதுவாக நேர்வது இதுதான். உத்தியோகம் என்பது காலையில் போய் மாலையில் திரும்பிவந்த ஏதோ ஓர் இடமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த மனிதர் தம் புத்தியையும் தேகபலத்தையும் எதற்காகச் செலவிட்டார் என்பது ஒரு வரியில் முடிந்துபோகிறது. ஆகவே நீ மேற்கொண்டு எழுதுமுன், ஒரு மகள் தன் தகப்பனாரான என்ஜினீயரைப் பற்றி எழுதிய ஒரு புத்தகத்தைக் குறித்துச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தகப்பனார் ஸர் ஆர்தர் காட்டன். மகள் லேடி ஹோப். புத்தகம் வெளிவந்தது 1900-ஆம் வருஷம், தகப்பனார் காலமான மறு வருஷம்.

1803-இல் பிறந்து, பதினெட்டாவது வயதில் சென்னைக்கு வந்த காட்டனின் பெயர் நம் காவிரிக் கரையில் நிலைத்ததற்குக் காரணம் முக்கொம்பு. அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறதல்லவா? கொள்ளிடத்தின் படுகை தாழ்வாகவும் சரிவு அதிகமாகவும் இருந்தபடியால், ஒவ்வொரு வெள்ளத்திலும் தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்து வீணாகக் கடலுக்கு ஓட, தஞ்சை வயல்களுக்குப் போகவேண்டிய காவிரியின் வாயோ மணல் மேடிட்டு வருஷத்துக்கு வருஷம் தூர்ந்துகொண்டிருந்தது. 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் அவர் கட்டினார். அடியில் பாறை எட்டாத வெறும் மணலின் மேல் கட்டடத்தை நிறுத்துவது எப்படி என்ற வித்தையைக் கல்லணை கட்டிய நம் முன்னோரிடமிருந்து கற்றுக்கொண்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கொள்ளிடத்தை மறித்த பிறகு காவிரிக்குள் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து படுகையை அரிக்க ஆரம்பிக்கவே, அதன் தலைப்பிலும் ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. ஆறு எந்த என்ஜினீயருக்கும் முதல் தடவையிலேயே முழுவதும் கட்டுப்படுவதில்லை; இதை உன் தாத்தாவும் அடிக்கடி சொல்வார்.

இனி காட்டனுடைய குடும்பத்தைப் பார். தேக அசௌக்கியத்தின் பேரில் ரஜா பெற்றுக் கடல் கடந்து போன காட்டன், 1841-இல் எலிஸபெத் லியர்மன்த் என்ற மாதை மணந்தார். மறு வருஷம் டாஸ்மேனியாவில் பிறந்த பெண்தான் பின்னாளில் அவருடைய சரித்திரத்தை எழுதியவள். கோதாவரிக்குக் குறுக்கே தவளேஸ்வரத்தில் 1847-இல் அணைவேலை ஆரம்பமாயிற்று. 1830-களில் பஞ்சத்தால் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மாண்டுபோன பிரதேசம் அது. வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த 1848-இல் காட்டனின் தேகஸ்திதி மறுபடியும் சீர்கெட்டு, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்புவித்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1850-இல்தான் திரும்பினார். 1852-இல் அணை முடிந்தது. இந்தத் தேதிகளை வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தாயானால், அவற்றின் நடுவே அந்தச் சிறுமியின் பால்யம் எங்கே எப்படிக் கழிந்திருக்கும் என்று நீயே கேட்பாய். அப்படிக் கேட்கத் தூண்டுவதால்தான் தேதிகள் வேண்டும் என்கிறேன்.

காட்டன் 1860-இல் உத்தியோகத்திலிருந்து விலகினார். 1899-இல் காலமானபோது வயது 96. கணக்குப் போட்டுப் பார்: இந்தியாவுக்கு வந்தது முதல் உத்தியோகம் பார்த்த காலமும், விலகிய பின் வாழ்ந்த காலமும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. இவ்வளவு நீண்ட ஓய்வுக்காலத்தில் அவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் குடியேறி, மண்ணை ஆழமாகக் கிளறிக் கோதுமை பயிரிட்டால் எவ்வளவு விளையும் என்று தம் தோட்டத்திலேயே பரீக்ஷை செய்துகொண்டிருந்தார். அதே ஊரில் மகள், குடியை விட்டொழிக்க விரும்பும் தொழிலாளர்களுக்காகக் காப்பிக் கடை திறந்து நடத்தினாள். ரயிலைக் காட்டிலும் கால்வாயே இந்தியாவுக்குத் தேவை என்ற தம் கட்சியை 1878-இல் பார்லிமெண்டுக் கமிட்டியின் எதிரே, எழுபத்தைந்து வயதில், கிழவர் விட்டுக்கொடுக்காமல் வாதித்தார். அவர் உற்சாகத்துடன் ஆதரித்த கர்நூல்–கடப்பைக் கால்வாயோ வருமானமில்லாமல் போய், 1882-இல் அதை வெட்டிய கம்பெனியிடமிருந்து சர்க்கார் வாங்கிக்கொள்ளும்படி ஆயிற்று. கோதாவரி ஜில்லாவில் அவரைப் பகீரதனென்று கொண்டாடுகிறார்கள். அதுவும் உண்மை, இதுவும் உண்மை. உன் புத்தகத்திலும் பலிக்காத காரியங்களுக்கு இடம் கொடு.

லேடி ஹோப்பின் புத்தகத்தைச் சிபாரிசு செய்கிற நானே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சார்லஸ் டார்வின் அந்தியகாலத்தில் மனம் மாறி வேதபுத்தகத்தைப் போற்றினார் என்றும், தான் அதை நேரில் கண்டதாகவும் இதே அம்மையாருடைய பெயரில் ஒரு கதை 1915-இல் அச்சாயிற்று. டார்வினின் பிள்ளைகள் அதை அடியோடு மறுத்துவிட்டார்கள். பக்தி மிகுந்தவர்களுடைய ஞாபகம் தனக்கு வேண்டிய பக்கம் சாயக்கூடியது. உன் அத்தை சொல்லும் கதைகளை நீ ரசித்துக் கேள். எழுதும்போது மாத்திரம் கடிதத்தையோ, உத்தரவு நகலையோ, வேறொருவர் வாக்கையோ பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் தாத்தா விஷயத்தில் அப்படிப்பட்ட ஆதாரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கீழ்பவானித் திட்டம் 1948 முதல் 1955 வரை நடந்த காலத்தில், கால்வாய்க்கு மட்டம் எடுக்கும் வேலையில் அவர் உபயோகித்த லெவல் புத்தகம் அது. ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும் அந்த மண்கால்வாயில் தண்ணீர் தானாக நகரவேண்டுமாதலால், மட்டம் பிசகினால் கடைமடைக்காரன் வயிற்றில் அடித்ததாகும். பக்கத்தின் அடியில் பின்னோக்கி எடுத்த அளவுகளான பேக்சைட்டுகளைக் கூட்டி, அதிலிருந்து முன்னோக்கி எடுத்த அளவுகளான ஃபோர்சைட்டுகளின் கூட்டுத்தொகையைக் கழித்து, அந்த மீதி கடைசி மட்டத்துக்கும் முதல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அநேகர் அவசரத்தில் அதை விட்டுவிடுவார்கள். அவர் ஒரு பக்கத்திலும் விடவில்லை. ஒரு பக்கத்தில் மாத்திரம், குறிப்புகளுக்கான கடைசிப் பத்தியில், பாறைமேல் குறித்த பெஞ்ச் மார்க்கின் விவரத்துக்குக் கீழே, “சின்னவனுக்கு ஜுரம். சாயங்காலம் சத்தியமங்கலம் டாக்டர்” என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. சின்னவன் உன் தகப்பனார்தான். அந்தப் பக்கத்தின் அடியிலும் கணக்கு சரியாகவே முடிந்திருக்கிறது. ‘பாசமிக்க தந்தை’ என்று நீ எழுதிய வரியை அடித்துவிட்டு, அங்கே இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போடு.

பாட்டியைக் கேட்டாயோ? மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம் பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டியவள் அவள்; எந்த ஊர்க் குவார்ட்டர்ஸில் எந்தக் குழந்தை பிறந்தது, எந்த மாசத்தில் சம்பளம் போதாமல் எந்த நகை போயிற்று, முகாமில் அவர் தங்கிய ராத்திரிகளில் துணைக்குப் படுத்த லஸ்கர் மனைவி யார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கிருகஸ்த தர்மத்தின் பாதிக் கணக்கு அவள் வசம் இருக்கிறது; ஆனால் நீ அனுப்பிய இரண்டு பக்கங்களில் அவள் பெயர்கூட வரவில்லை. பெரியவர்கள் கூடியிருக்கும்போது கேளாதே, அவள் வாய் திறக்கமாட்டாள். மத்தியானம் அரிசி புடைக்கும் வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

இன்னொன்று. கீழ்பவானிக் கால்வாயை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எழுது. 2,07,000 ஏக்கரை இரண்டாகப் பிரித்து, ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஏற்பாட்டை அங்குள்ள விவசாயி எவரும் உனக்கு விளக்குவார். பென்ஷனுக்குப் பிறகு தாத்தா தினமும் காலையில் பத்திரிகையைப் பிரித்தவுடன், அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் தரும் பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தை எதற்காகத் தேடினார் என்பதும் அப்போது உனக்கு விளங்கும்.

லெவல் புத்தகத்தை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். காகிதம் நைந்திருக்கிறது, பிரித்து வைத்து அழுத்தாதே. கைப்பிரதி முடிந்ததும் அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு ஒரு நகல் அனுப்பு. அளவுகளையும் ஊர்ப் பெயர்களையும் நான் சரிபார்த்துத் தருகிறேன். மற்றவற்றைப் பாட்டி பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் தாத்தாவின் சிநேகிதன்