கால் மில்லிமீட்டர் விவகாரம்

மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட், பெரும்பாக்கத்தில் ஒரு கிச்சன் என்று சைட்டிலேயே வேலை நடக்கும்வரை கை ரௌட்டர் போதும். முடிச்சூர் சாலையிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ சின்னதாக ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்து, நாற்பது ஷட்டருக்கு ஒரே மாதிரி பள்ளம் ஓட்ட வேண்டிய ஆர்டர் வந்துவிட்டால் கதை வேறு. மரத்தை கிளாம்ப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கட்டை கட்டி ஓட்டிக்கொண்டிருந்தால் கூலிதான் ஏறும். ரௌட்டரைத் தலைகீழாக மேசைக்கடியில் மாட்டி, பிட் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, மரத்தை அதன்மேல் தள்ளிக்கொண்டு போகும் ரௌட்டர் மேசை அப்போது தேவைப்படும். ஒருமுறை செட் செய்துவிட்டால் கூட இருக்கும் பையனும் ஓட்டலாம்.

மேசையைச் செய்துகொள்வது எந்த ஆசாரிக்கும் பெரிய வேலை இல்லை. நடுவில் பதிக்கும் இன்சர்ட் பிளேட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேசைப் பலகை 36 மி.மீ. தடிமன் இருக்கும். அதன் அடியில் ரௌட்டரை நேரே முடுக்கினால் பிட் போதுமான அளவு மேலே வராது. அதனால் பலகையில் சன்னல் வெட்டி, மெல்லிய தகட்டைப் பதித்து, அதில் ரௌட்டரைத் தொங்கவிடுகிறோம். தகடும் மேசையும் ஒரே தளமாக இருந்தாக வேண்டும். தகடு கால் மி.மீ. உயர்ந்திருந்தால் உள்ளே வரும் மரம் அதன் விளிம்பில் முட்டும். தாழ்ந்திருந்தால் வெளியே போகும்போது முட்டும். அதைவிட மோசம், நீளமான சட்டம் தாழ்ந்த தகட்டைத் தொடாமல் மேசையின் இரு பக்கமும் தாங்கி நின்றுவிடும்; பள்ளம் ஆழம் குறையும். குட்டைச் சட்டமோ தகட்டின்மேல் இறங்கி முழு ஆழம் வெட்டும். ஒரே ஷட்டரின் நெடுஞ்சட்டமும் குறுக்குச்சட்டமும் மூலையில் சேரும் இடத்தில் அந்த வித்தியாசம் மேடாக நிற்கும். பாலிஷ் ஏறியதும் இன்னும் பளிச்சென்று தெரியும். பால்கனி வெளிச்சம் சாய்வாக விழும் வீட்டில் வீட்டுக்காரம்மா விரலை வைப்பதும் சரியாக அங்கேதான்.

முதலில் ரௌட்டரை முடிவு செய்யுங்கள், பிறகு பிளேட்டைப் பாருங்கள். கையில் இருப்பது மகிட்டா 3709, பாஷ் ஜி.கே.எஃப். 550 மாதிரி ட்ரிம்மர் என்றால் அதற்கென்றே சின்ன பிளேட்டுகள் வருகின்றன. ட்ரிம்மரின் உருளை உடம்பை அப்படியே கவ்விக்கொள்ளும் வகை அது. உடம்பின் விட்டம் பெரும்பாலும் 65 மி.மீ. என்றாலும் வெர்னியரால் அளந்துவிட்டே ஆர்டர் போடுங்கள். மைக்கா ஓரம் சீவ, சின்ன பள்ளம் ஓட்ட, ஓரம் உருட்ட இது போதும். தேக்குச் சட்டத்தில் மோல்டிங் இழுக்கப் போகிறீர்கள் என்றால் 12 மி.மீ. காலெட் உள்ள பெரிய பிளஞ்ச் ரௌட்டர் வேண்டும். அது ஐந்தாறு கிலோ எடை, அதற்கு ஏற்ற பிளேட்டும் பெரியது. உலகெங்கும் பரவலாக ஓடும் அளவு சுமார் 300 க்கு 235 மி.மீ. அந்த அளவிலேயே வாங்குவது நல்லது. நாளைக்கு மாற்று பிளேட் வாங்கினாலும் சன்னலை மறுபடி வெட்ட வேண்டாம்.

‘எல்லா ரௌட்டருக்கும் பொருந்தும்’ என்று முன்கூட்டியே துளை போட்டு விற்கும் பிளேட்டை நான் நம்புவதில்லை. பத்துப் பதினைந்து துளைகள் இருக்கும், உங்கள் ரௌட்டரின் திருகு அவற்றில் எதிலும் உட்காராது. துளை இல்லாத வெற்றுப் பிளேட்டே மேல். ரௌட்டரின் அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, அதையே அச்சாக வைத்துத் துளை குறிக்கலாம். கடைக்குப் போகும்போதும் அந்தக் கறுப்புத் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி பீச்சில் இறங்கினால் லிங்கிச் செட்டித் தெருவின் டூல்ஸ் கடைகள் நடக்கிற தூரம்தான். கடைக்காரரிடம் மாடல் நம்பரைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிடத் தகட்டைப் பிளேட்டின்மேல் வைத்துக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

எந்தப் பொருளில் வாங்குவது? அக்ரிலிக்கை விட்டுவிடுங்கள். ட்ரிம்மருக்கே சில மாதங்களில் நடுவில் தொய்யும், பெரிய ரௌட்டருக்கு நினைத்தும் பார்க்க வேண்டாம். வெளிநாட்டுக் கடைகளில் ஃபினாலிக் என்று விற்கும் பிளேட்டின் பொருள் நம் ஊர் எலெக்ட்ரிக்கல் கடைகளில் ஹைலம் ஷீட் அல்லது பேக்கலைட் ஷீட் என்ற பெயரில் கிடைக்கிறது. 10 மி.மீ. ஹைலம் உறுதியானது, துருப்பிடிக்காது, மரத்தில் கறை வைக்காது. வெட்டும்போது வரும் தூசும் நாற்றமும்தான் தொல்லை. மாஸ்க் போடாமல் கை வைக்காதீர்கள். எனக்குப் பிடித்தது 8 மி.மீ. அலுமினியம். அதில் திருகு மரை நேரடியாக வெட்டலாம், மட்டம் பார்க்கும் வேலைக்கு அது பெரிய வசதி. அனோடைஸ் செய்யாத வெற்று அலுமினியம் வெளிர் மரத்தில் சாம்பல் கோடு போடும். மெழுகு தேய்த்து வைத்தால் சமாளிக்கலாம். தடிமன் கூடக் கூடப் பிட் மேலே வரும் உயரம் அந்த அளவுக்குக் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட். 6061 அல்லது 6082 தர அலுமினியத் தகட்டில் நீங்கள் சொன்ன அளவுக்குச் சன்னமாக மில்லிங் செய்து தரச் சின்னப் பட்டறைகள் இருக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: ஷியரிங் மெஷினில் நறுக்கக் கூடாது, நறுக்கினால் ஓரம் வளைந்துவிடும். எங்கே வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடு லேசாக உயர்ந்திருந்தால் பரவாயில்லை, மரம் பிட்டுக்குப் பக்கத்தில் தகட்டைத் தொட்டே போகும். நடு பள்ளமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிட் வரும் ஓட்டைக்கு இரண்டு மூன்று அளவில் வளையங்கள் கூட வருகின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். 12 மி.மீ. பிட்டுக்கு 70 மி.மீ. ஓட்டை திறந்து கிடந்தால் சின்னத் துண்டின் முனை அதில் இறங்கிவிடும்.

முதலீடு இடித்தால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் நம் பக்கத்துக் குன்றத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 35 வயது நிரம்பிய கைவினைத் தொழிலாளர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். திட்டத்தில் சேர்த்த 25 தொழில்களில் மரவேலையும் உண்டு.

இனி மேசை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன பாடு பட்டன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் எம்.டி.எஃப். பலகை உப்ப வெள்ளம் வர வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகையின் ஈரக்காற்றே போதும். 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி 36 ஆக்குங்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளை என்றால் நிம்மதி. மேலே மைக்கா ஒட்டினால் அடியிலும் ஒட்டியாக வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். சன்னல் வெட்டும் முன்பே மேசை மட்டமா என்று பார்த்து, தேவையானால் அடியில் சட்டம் கொடுத்து நிமிர்த்திவிடுங்கள். வளைந்த மேசையில் எந்தப் பிளேட்டும் மட்டமாக உட்காராது.

சன்னல் வெட்டப் பிளேட்டையே அச்சாகப் பயன்படுத்துங்கள். பிளேட்டை மேசைமேல் வைத்து, நான்கு பக்கமும் நேரான ரீப்பரை ஒட்டி டபுள் சைடு டேப்பில் நிறுத்துங்கள். பிளேட்டை எடுத்துவிட்டு, மேலே பேரிங் உள்ள பிட்டால் ரீப்பரை ஒட்டி உள்பக்கம் ஓட்டினால் பிளேட்டின் உருவம் அச்சு அசலாக வரும். பிட்டின் ஆரமும் பிளேட் மூலையின் வளைவும் பொருந்த வேண்டும். ஆழம்தான் இங்கே சூட்சுமம். பிளேட் 8 மி.மீ. என்றால் 9 மி.மீ. வெட்டுங்கள். சரியாக 8 வெட்டி அப்படியே பதித்துவிடலாம் என்று ஆசைப்படுவார்கள். அன்றைக்கு உட்காரும், மழைக்காலத்தில் எழுந்துகொள்ளும். அந்த ஒரு மி.மீ. இடைவெளி, மட்டத் திருகு வேலை செய்வதற்கு. பிறகு உள்ளே 12 மி.மீ. படியை விட்டுவிட்டு நடுவை ஜிக்சாவால் எடுத்துவிடுங்கள்.

திருகின் முனை பிளைவுட் படியில் அழுந்தி அழுந்திக் குழி போடும், ஒரு மாதத்தில் மட்டம் போய்விடும். முனை படும் ஒவ்வொரு இடத்திலும் அந்த இடைவெளிக்குள் அடங்கும் மெல்லிய எஸ்.எஸ். வாஷர் ஒன்றை அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். பத்து ரூபாய் சாமான், வேலையின் பாதி ஆயுள் அதில்தான் இருக்கிறது. பிளேட்டின் நான்கு மூலையிலும் எம்6 மரை வெட்டி, தலையில்லாத ஆலன் கீ திருகைப் போடுங்கள். மேலேயிருந்தே முடுக்கலாம். பெரிய ரௌட்டர் என்றால் நீளப் பக்கங்களின் நடுவில் இன்னும் இரண்டு.

மட்டம் பார்க்கும்போது ரசமட்டத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பூமிக்கு மட்டமா என்பது இங்கே கேள்வியே இல்லை. மேசை சாய்ந்த தரையில் நின்றாலும் பிளேட் அதே சாய்வில் நின்றால் சரி. தேவை 600 மி.மீ. நேர்விளிம்பு ஒன்றும், பைக் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் ஒரு செட்டும். ரௌட்டரை மாட்டிவிட்டே பார்க்க வேண்டும், தொங்கும் எடையில் பிளேட் இறங்குவது வெறும் பிளேட்டில் தெரியாது.

எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு திருகுகளை மட்டும் முதலில் முடுக்குங்கள். நேர்விளிம்பை அந்த மூலைகளின் மேல், பாதி மேசையிலும் பாதி பிளேட்டிலும் படும்படி வைத்து, 0.05 மி.மீ. இதழ் இரண்டு பக்கமும் நுழையாத வரை கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்புங்கள். இப்போது மற்ற இரண்டு மூலைகளில் ஒன்றை விரலால் அழுத்தினால் பிளேட் ‘டொக்’கென்று ஆடும். அந்த இரண்டு திருகுகளையும் மெதுவாக இறக்குங்கள். ஆட்டம் நின்று, சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முடுக்கினால் முதலில் சரி செய்த மூலைகள் தூக்கிக்கொள்ளும். நடுத் திருகுகள் கடைசியில், தொட்டும் தொடாமலும். ஃபீலர் கேஜ் இல்லாத அவசரத்துக்கு ஏ4 தாள் உதவும், 80 ஜி.எஸ்.எம். தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.

மேலேயிருந்து பிளேட்டைப் பிடித்துவைக்கும் கவுன்ட்டர்சங்க் திருகுகள் மூலைத் திருகுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தூரத்தில் போட்டு இறுக்கினால் பிளேட்டே வளையும். விளிம்பு நான்கையும் நைஸ் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து மழுக்கிவிடுங்கள். வளையங்களையும் இதே முறையில் சோதியுங்கள். பிளேட்டைப் பார்த்துப் பார்த்து மட்டம் செய்துவிட்டு வளையத்தை மறப்பது அடிக்கடி நடக்கிறது.

கேஜ் சொல்வதோடு விடாமல் மரத்தையும் கேளுங்கள். சீவிய ரீப்பர் ஒன்று 60 செ.மீ., இன்னொன்று 10 செ.மீ. எடுத்து இரண்டிலும் ஒரே செட்டிங்கில் பள்ளம் ஓட்டுங்கள். நீளமானதில் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்திலும், குட்டையில் ஒரு இடத்திலும் வெர்னியரால் ஆழம் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக வந்தால் ஆர்டரை எடுங்கள். நடு சரியாக இருந்து முனைகளில் ஆழம் மாறினால் பிளேட்டின் ஏதோ ஒரு விளிம்பு மேலேயோ கீழேயோ நிற்கிறது.

பையனிடம் மேசையை ஒப்படைக்கும் முன் மூன்று விஷயம். மரத்தை வலமிருந்து இடமாகத்தான் தள்ள வேண்டும், மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், பின்னாலேயே விரலும் போகும். வேகம் குறைக்க முடியாத ரௌட்டரில் பெரிய பிட் போடக் கூடாது. 22,000 சுற்றில் 50 மி.மீ. பிட்டின் விளிம்பு மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. அந்த அளவு பிட்டுக்கு 18,000 சுற்றுக்குக் கீழே இறக்குவதுதான் வழக்கம். கரன்ட் போய்த் திரும்பும்போது தானாக ஓடாத வகை சுவிட்ச் ஒன்றையும் மேசையின் முன்பக்கம் வையுங்கள்.

பிளேட்டின் ஒரு மூலையிலும் படியின் அதே மூலையிலும் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி குத்திவிடுங்கள், பிட் மாற்றக் கழற்றினாலும் அதே திசையில் திரும்ப உட்காரும். ஆண்டுக்கு இரண்டு தடவை கேஜ் வைத்துப் பார்த்தால் போதும். மழைக்கு முன் ஆயுத பூஜைக்கு மிஷினெல்லாம் துடைக்கும்போது ஒன்று, மழை ஓய்ந்து பொங்கல் சமயத்தில் இன்னொன்று. பூஜை அன்றைக்குச் சந்தனத்தை மட்டும் ஆலன் கீ குழியில் விழாமல் வையுங்கள், காய்ந்தால் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.