கழியொலியும் கலப்பெரிபொருளும்

1900ஆம் ஆண்டிற் பாரிஸ் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயால் இயங்கிற்று. எனினும் தாவரவெண்ணெய் டீசலினும் ஏறத்தாழப் பத்து மடங்கு பிசுக்குமை உடையது. அதனை அப்படியே செலுத்தினால் நுண்துளிகளாய்ச் சிதறாது, முற்றும் எரியாது, கரியாய்ப் படியும். ஆதலால் அதனை ஊக்கியொன்றின் துணையுடன் மெதனோலோடு தாக்கமுறச் செய்து, பிரியும் கிளிசரோலை நீக்கி, எஞ்சும் எசுத்தரையே டீசலிற் கலக்கின்றோம்.

இங்குள்ள இடர் யாதெனில், எண்ணெயும் மெதனோலும் தம்முட் கலவாமையே. செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டு நம் செவிக்கு எட்டாதிருக்கும் ஒலி கழியொலியாகும். அதனைச் செலுத்துங்கால் திரவத்தில் நுண்குமிழிகள் தோன்றி நொறுங்குகின்றன. அவ்வேகத்தால் இரு திரவங்களும் நுண்துளிகளாகிக் கலக்கின்றன. ஒரு மணி நேரங் கிளறிப் பெறும் பயனைச் சில நிமிடங்களிற் பெறலாம்.

ஆயினும் நாம் மயங்கலாகாது. கழியொலி தாக்கத்தை விரைவுபடுத்துமேயன்றி எரிபொருளின் சத்தியைக் கூட்டாது. பொரித்துக் கழித்த எண்ணெயைப் பயன்படுத்தின் உணவுக்குக் குறைவில்லை. ஆனால் அதில் மிகுந்துள்ள கொழுப்பமிலம் கார ஊக்கியோடு சேர்ந்து சவர்க்காரமாகிவிடும். அதனை முன்னரே அகற்றுதல் வேண்டும். மூலப்பொருளின் தூய்மையைப் பேணாதார்க்குக் கருவியின் விரைவு பயன்படாது என்பதே நாம் இதனாற் கற்கும் பாடமாகும்.