கடல் எச்சரிக்கையை எக்ஸ்எம்எல்லில் எழுதுகிறவர்களுக்கு

கோவளம் முதல் கல்பாக்கம் வரை, கரையோரக் குப்பங்களில் கைபேசிக்கு வந்து விழும் புயல், கள்ளக்கடல் எச்சரிக்கைகளுக்குப் பின்னால் ‘கேப்’ என்ற எக்ஸ்எம்எல் வடிவம் இருக்கிறது. ஒயாசிஸ் அமைப்பு அதன் 1.2 பதிப்பை 2010-இல் வெளியிட்டது. நம் நாட்டில் சி-டாட் உருவாக்கிய ‘சசேத்’ எச்சரிக்கைத் தளம் இதை வைத்துத்தான் இயங்குகிறது. ஒரு டேக் மூடாமல் விட்டால்கூடப் படிக்கும் பார்சர் அங்கேயே நின்றுவிடும்; எச்டிஎம்எல் மாதிரி கண்டும் காணாமல் போகாது. சிறுசேரியிலோ மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலோ இப்படியொரு நிரல் எழுத உட்கார்ந்தால்:

செய்ய வேண்டியவை

• டேக் எழுதும் வேலையைக் கருவியிடம் விடுங்கள்; நிகழ்வுகளை மட்டும் அனுப்புங்கள். ஸ்டார்ட்எலிமென்ட், கேரக்டர்ஸ், எண்ட்எலிமென்ட் என்று சாக்ஸ் என்ற எக்ஸ்எம்எல் இடைமுகம் தரும் அழைப்புகள் 1998-இல் படிப்பதற்காக வந்தவை. ஜாவாவின் ட்ரான்ஸ்ஃபார்மர்ஹேண்ட்லர், பைத்தானின் எக்ஸ்எம்எல்ஜெனரேட்டர் இரண்டும் அதே அழைப்புகளை வாங்கி எழுதித் தரும். (ஒற்றை எச்சரிக்கைக்கு இது தேவையே இல்லை, அது சின்னக் கோப்பு. ஒரு பருவமழைக் காலத்து எச்சரிக்கைகளை மொத்தமாகக் கொட்டும்போதுதான் நினைவகம் வீங்காமல் இருப்பதன் அருமை தெரியும்.)

• திறந்த டேக்குகளை நீங்களே ஒரு ஸ்டாக்கில் வையுங்கள். எக்ஸ்எம்எல்ஜெனரேட்டர் எஸ்கேப் செய்யும். திறந்ததை மூடினீர்களா என்று கேட்காது.

• தற்காலிகக் கோப்பில் எழுதி, வேறொரு பார்சரால் படித்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள். ஓடையாக எழுதும்போது நடுவில் பிழை வந்தால், பாதிக் கோப்பு ஏற்கெனவே வெளியே போயிருக்கும்.

செய்யக்கூடாதவை

• சரங்களை ஒட்டி டேக் செய்யாதீர்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய ஊர்ப்பட்டியல் இன்னும் புழக்கத்தில் உண்டு. அதில் ‘ஈ’ எழுத்துக்கு உரிய விசை ‘<’. ‘ஈ.சி.ஆர். அருகே’ என்ற ஒரு வரி போதும், பார்சர் அதைப் புது டேக் என்று எண்ணிப் படுத்துவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு அப்படியே கேரக்டர்ஸிடம் கொடுங்கள். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று முன்கூட்டி எஸ்கேப் செய்தால் இரட்டை எஸ்கேப் ஆகி, மீனவர் திரையில் குப்பை தெரியும்.

• தலைப்பில் யூடிஎஃப்-8 என்று அறிவித்துவிட்டு வேறு குறியாக்கத்தில் எழுதாதீர்கள். பைட் கணக்கில் நறுக்கவும் வேண்டாம். ‘மீ’ என்பது இரண்டு குறியீடுகள், ஆறு பைட். 1,024 பைட் துண்டு மூன்றால் வகுபடாது.

• கட்டுப்பாட்டுக் குறிகளை உள்ளே விடாதீர்கள். குறியீட்டு எண் 32-க்குக் கீழே உள்ளவற்றில் டேப், வரிமுறிப்பு தவிர மற்றவற்றை எக்ஸ்எம்எல் 1.0 எஸ்கேப் செய்தாலும் ஏற்காது.

• பார்சர் ஏற்றதாலேயே செய்தி சரி என்று இருந்துவிடாதீர்கள். நேரத்தின் கடைசியில் ‘இஸட்’ போடக் கேப் அனுமதிக்காது, நமக்கு +05:30. பாலிகனில் அட்சரேகை முதலில், தொடங்கிய புள்ளியிலேயே முடிவு. மாமல்லபுரத்தின் 12.6, 80.2-ஐ இடம் மாற்றினால், இலக்கணம் பிசகாத கோப்பு ஸ்வால்பார்டு பக்கம் ஆர்க்டிக் கடலுக்கு எச்சரிக்கை விடுக்கும்.

• நிரலைச் சோதிக்கும்போது ஸ்டேட்டஸில் ‘ஆக்சுவல்’ வேண்டாம். ‘டெஸ்ட்’ என்று தனி மதிப்பே இருக்கிறது. 2004 சுனாமியைக் கண்ட குப்பங்கள் இவை, நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.