மின்சார ஒயரின் உறையும் தீச் சோதனையும்

பஞ்சாயத்துப் பள்ளி, சமுதாயக் கூடம், பம்பு செட்டுக் கொட்டகை ஆகிய எவ்விடத்திலும் இன்று மின்சாரம் பயன்படுகின்றது. ஒயரின் உள்ளிருக்கும் செம்புக் கம்பி மின்சாரத்தைக் கொண்டு செல்கின்றது. மேலிருக்கும் உறை நம்மைக் காக்கின்றது. அவ்வுறையே தீக்கு இரையாகுமாயின் காவலே பகையாகிவிடும். ஆகவே, உலக நாடுகள் இவ்வுறையைச் சோதிக்கும் முறைகளை நாம் ஒப்பிட்டு அறிதல் நலம்.

விதிகள் பலவாயினும் அவை கேட்கும் வினாக்கள் மூன்றே.

1. தனி ஒயரில் தீ பரவுமா? ஐ.இ.சி. 60332 என்னும் சர்வதேச விதியின் முதற்பகுதி இதனை ஆராய்கின்றது. 60 செ.மீ. நீளமுள்ள ஒயரை நிமிர்த்தி நிறுத்தித் தீயைக் காட்டுவர். தீயை அகற்றியபின் அது தானே அணைதல் வேண்டும். கருகலும் மேற்பிடியை எட்டுதல் கூடாது.

2. பல ஒயர்கள் சேர்ந்திருப்பின் பரவுமா? தனித்து அணையும் உறை, கூட்டமாக இருக்கையில் ஒன்றையொன்று சூடாக்கி எரியக்கூடும். 1975-இல் அமெரிக்காவின் பிரௌன்ஸ் பெரி அணுமின் நிலையத்தில் ஒரு மெழுகுவத்திச் சுடரால் மூண்ட தீ, 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்களைச் சேதப்படுத்தியது. அவ்விதியின் மூன்றாம் பகுதி இத்தகைய கட்டுகளைச் சோதிக்கின்றது.

3. புகை எத்தன்மையது? பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழும். அது கண்ணிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தில் கலந்து அமிலமாகும். கரும்புகையோ வழியை மறைக்கும்.

அமெரிக்கர் காற்றோட்டக் கூரையிடைவெளிகளில் இடும் கேபிள்களை ஏறத்தாழ 25 அடி நீளமுள்ள சுரங்க உலையில் சோதிக்கின்றனர். தீ 5 அடிக்கு மேல் பரவுதல் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூலை முதல் கட்டடக் கேபிள்களை ஏழு வகுப்புகளாகப் பிரித்துக் குறிக்கச் செய்துள்ளது. புகையும் அமிலமும் தனியே குறிக்கப்படும்.

நம் நாட்டு விதி ஐ.எஸ். 694. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம், எப்.ஆர். வகை உறை எரிய 29 சதவீதமேனும் தேவைப்படல் வேண்டும். எப்.ஆர்.எல்.எஸ்.எச். வகையில் இதனோடு அமில வாயு 20 சதவீதத்தை மீறலாகாது. புகையினூடே 40 சதவீத ஒளியேனும் புகுதல் வேண்டும். 2018-இல் வந்த ஐ.எஸ். 17048, ஹாலஜன் அற்ற உறைகளுக்கு உரியது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் மதிப்பீட்டில் "தரமான ஒயர்" என்று மட்டும் எழுதினால், அச்சொல் ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்தாது. விதியின் எண்ணையும் வகையையும் எழுதுக. பிள்ளைகளும் மக்களும் கூடுமிடங்களுக்கு, விலை சற்றுக் கூடினும், புகை குறைந்த வகையே தக்கது. ஒயரின்மீது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வகைப்பெயரும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள்.

விவசாயிகளுக்கு ஒரு சொல்: சாதாரண பி.வி.சி. உறைக்கு 70 டிகிரி செல்சியஸ் வெப்பமே எல்லை. மோட்டாரின் பளுவுக்கு மெலிந்த ஒயரையும், பியூசில் தடித்த கம்பியையும் இட்டால் எந்நாட்டு முத்திரையும் காவாது. பரவும் தீயைத் தடுப்பது உறையின் வேலை. தீ மூளாமல் காப்பது நம் கடமை.